ஒறுத்தல் மூன்று நாள்

அந்தோணிசாமி பிரதருக்கு வருஷத்தில் இரண்டு திருநாள் வரும். ஊரே கொண்டாடுகிற திருநாள் அவருடையது இல்லை. அவருடைய திருநாள் ஊருக்குத் தெரியாது.

பாகூர் ஏரித் தண்ணீர் போகிற வாய்க்காலை ஒட்டி இருக்கிறது அந்த போர்டிங். நாலு பக்கமும் நெல்வயல். நடுவில் நீளமான ஓட்டுக் கட்டடம், சாப்பாட்டு ஹால், சின்னதாக ஒரு கோயில், எப்போதும் கிறீச்சிடுகிற இரும்பு கேட். நாற்பத்தாறு பையன்கள். வேதக்காரப் பிள்ளைகள் பாதி, இந்துப் பிள்ளைகள் பாதி. எல்லோருக்கும் சேர்த்து ஒரே வார்டன் அந்தோணிசாமி பிரதர்தான். வயது அறுபத்தொன்பது. இந்த போர்டிங்குக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது.

ஜூன் பதின்மூன்று பதுவை அந்தோணியார் திருநாள். கையில் குழந்தை ஏசுவை வைத்துக்கொண்டு நிற்பாரே, தொலைந்துபோன சாவியைக் கூடத் தேடித் தருவாரே, அவர். வார்டன் பெயர் அந்தோணிசாமி என்றால் அவருடைய திருநாள் அன்றைக்குத்தானே? பள்ளிக்கூடம் திறந்த கையோடு பையன்கள் கலர் பேப்பர் ஒட்டுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், மத்தியானம் பிரியாணி. பெரிய பையன் ஒருவன் அட்டையில் பூப் படம் வரைந்து 'ஆன்மீக மலர்ச்செண்டு' என்று எழுதிக் கொடுப்பான். பிரதருக்காகப் பையன்கள் கண்ட பூசை இத்தனை, சொன்ன ஜெபமாலை இத்தனை, செய்த ஒறுத்தல் இத்தனை என்று அதில் இருக்கும். ஒறுத்தல் என்றால் தனக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்து அதன் பலனை இன்னொருத்தருக்கு ஒப்புக்கொடுப்பது. பெரும்பாலும் மிட்டாயை விட்டதாக எழுதுவார்கள். அது எவ்வளவு உண்மை என்று மிட்டாய்க் கடைக்காரரைக் கேட்டால் தெரியும்.

ஆனால் பிரதர் பிறந்தது ஜனவரி பதினேழு. அன்றைக்கு வனத்து அந்தோணியார் திருநாள், அவர் பெயரைத்தான் இவருக்கு வைத்தார்கள். அவர் வேறு ஆள். நீளத் தாடி, கையில் தடி, காலடியில் ஒரு பன்றி, பாலைவனத்தில் தன்னந்தனியாக வாழ்ந்து செத்தவர். முதல் வருஷமே பிரதர் இதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பையன்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள், பிரியாணி தம்மில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் போய் இது என் அந்தோணியார் இல்லை என்றால் யார் கேட்பது? அடுத்த வருஷம் சொன்னால் போன வருஷம் ஏன் சொல்லவில்லை என்பார்கள். மூன்றாம் வருஷம் சொல்லக் கூச்சமாகிவிட்டது. அப்படியே பத்தொன்பது வருஷம் இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையாக நின்றார் மனிதர்.

சரி, ஜனவரி பதினேழு? பொங்கல் லீவு. போகிக்கே போர்டிங் காலியாகிவிடும். போர்டிங்குக்குத் தலைவரான ரெக்டர் சாமியாரும் கடலூர்ப் பக்கம் தன் ஊருக்குப் போய்விடுவார். காவலுக்கு பிரதர் மட்டும். நாற்பத்தாறு காலித் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து தன் திருநாளில் தனியாகக் கஞ்சி குடிப்பார். தனியாக இருந்தவர் பெயரை வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கேட்டால் எப்படி என்று தனக்குத் தானே கிண்டல் பண்ணிக்கொள்வார். சிரிப்பதற்கும் கூட ஆள் இருக்காது.

போன டிசம்பரில் சபைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. எழுபது வயது ஆகிறது, ஜூனுக்கு முன்னால் மலைமேல் இருக்கும் ஓய்வு இல்லத்துக்கு வந்துவிடுங்கள் என்று அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள். பிரதருக்கு மலையும் குளிரும் பெரிதாகத் தெரியவில்லை. இனி ஒரே ஒரு ஜனவரிதான் இருக்கிறது என்பது மட்டும் மனதில் மாட்டிக்கொண்டது. தான் வளர்த்த பிள்ளைகளில் ஒருவன், ஒரே ஒருவன், தன்னுடைய நாளில் தன்னைப் பார்த்து "திருநாள் வாழ்த்துகள் பிரதர்" என்று சொல்லிவிட்டால் போதும். இந்த வயதில் இப்படி ஓர் ஆசையா என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டால் ஆசை போய்விடுகிறதா என்ன?

இந்த வருஷம் எட்டாம் வகுப்பு நவீன்குமார் ஊருக்குப் போகவில்லை. அவன் அம்மா ருக்குமணிக்கு சேதராப்பட்டில் கம்பெனி வேலை. பொங்கலுக்கும் ஷிப்ட், லீவு கிடைக்காது, பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தாள். அப்பா இல்லாத பையன். பெற்றவர் வந்து கையெழுத்துப் போடாமல் எந்தப் பையனையும் வெளியே விடக்கூடாது என்பது போர்டிங் சட்டம்.

போகி அன்று காலையில் ஆபீஸ் போன் அடித்தது.

"பிரதர், ருக்குமணி பேசறேன், நவீன் அம்மா. லீவு இல்லன்னு சொன்னேன்ல, சூப்பர்வைசர் குடுத்துட்டாரு பிரதர். சாயந்தரமா வந்து புள்ளய கூட்டினு போய்ட்றேன்."

சந்தோஷம் அம்மா, வாங்க என்று சொல்லத்தான் பிரதர் வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"இல்லம்மா, கணக்குல கொஞ்சம் வீக்கா இருக்கான். ஸ்பெஷல் கிளாஸ் வெச்சிருக்கோம், சனிக்கிழமை வரைக்கும். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்களேன்."

"பொங்கல் அன்னிக்கு கூடவா பிரதர்? சரி, படிப்புக்குன்னா இருக்கட்டும். நீங்க சொன்னா புள்ள நல்லதுக்குத்தான் இருக்கும். அவங்கிட்ட ஒரு வார்த்த பேசலாமா?"

"கிளாஸ்ல இருக்காம்மா."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் பையன் தெரிந்தான். கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வருஷம் துறவியாக இருந்தவர் ஒரு நிமிஷத்தில் இரண்டு பொய் சொல்லி முடித்திருந்தார். இரண்டாவது பொய் ரொம்ப சுலபமாக வந்தது.

மூன்றாவதும் வந்தது. "அம்மா போன் பண்ணுச்சா பிரதர்?" என்று நவீன் ஓடிவந்து கேட்டான். "லீவு கெடச்சா வரேன்னு சொல்லிச்சி."

"வேலை ஜாஸ்தியாம்பா" என்றார் பிரதர்.

அவன் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பவும் பெஞ்சுக்கே போனான். பாகூர் பஸ் ரோட்டு முனையில் நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டால் உட்காருவான். மூன்று நாளும் இதே வேலை.

பொங்கல் அன்று சமையல்கார சகாயராணி தன் வீட்டிலிருந்து தூக்கில் பொங்கல் கொண்டுவந்தாள். "இத்தினி பேர்ல இந்த ஒரு புள்ளயத்தான் வுட்டுட்டாங்களா? இன்னா மனசோ பெத்தவளுக்கு" என்று பெருமூச்சு விட்டாள். பிரதர் பொங்கலில் கிடந்த முந்திரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், அந்த மூன்று நாளும் பிரதர் சந்தோஷமாக இருந்தார். நீள மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் இருந்தது. இரண்டு பேரும் கேரம் ஆடினார்கள். பையன் அவருடைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் தந்தான். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்த மாடுகள் ரோட்டில் போனபோது இரண்டு பேரும் கேட்டில் நின்று எந்தக் கொம்பு அழகு என்று சண்டை போட்டார்கள். செய்தது தப்பு என்று அவருக்குத் தெரியும். சனிக்கிழமை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம் என்று ஆண்டவரிடமே தவணை வாங்கி வைத்திருந்தார்.

சனிக்கிழமை, காணும் பொங்கல், ஜனவரி பதினேழு. காலை ஜெபத்துக்கு முன்னால் பிரதர் தன் பெட்டியிலிருந்து பழைய படம் ஒன்றை எடுத்துப் பீடத்தில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார். பையன் கிட்டே வந்து பார்த்தான்.

"யாரு பிரதர் இவுரு? பன்னி நிக்குது!"

"வனத்து அந்தோணியார். இவரு பேருதாம்பா எனக்கு. இன்னைக்குத்தான் திருநாள்."

"அப்ப ஜூன்ல நாம கொண்டாடினோமே?"

"அது வேற அந்தோணியார்."

நவீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இத்தினி வருசமா தப்பாவா கொண்டாடினாங்க? நீங்க சொல்லவே இல்லியா?" சிரிப்பு அடங்கியதும் கேட்டான்: "இவுரு காட்டுல தனியா இருந்தாரா? யாருமே வந்து பாக்கலியா பிரதர்?"

"தெரியலப்பா" என்றார் பிரதர்.

பையன் திடீரென்று வெளியே ஓடினான். ஒரு மணி நேரம் ஆளையே காணவில்லை. பெஞ்சிலும் இல்லை. பிறகு பின்னால் கையை மறைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"திருநாள் வாழ்த்துகள் பிரதர்!"

பத்தொன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. பிரதருக்குக் கண் கலங்கிவிட்டது. பையன் நீட்டியது நோட்டு அட்டையைக் கிழித்துச் செய்த ஒரு கார்டு. ஸ்கெட்ச் பேனாவில் பூ, பூவுக்குப் பக்கத்தில் சிரிக்கிற பன்றி. உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முறைப்படி எழுதியிருந்தான்.

ஆன்மீக மலர்ச்செண்டு
பூசை கண்டது – 2
ஜெபமாலை – 1 (பாதி தெரியாது)
ஒறுத்தல் – அம்மா வரலன்னு அழாம இருந்தது, 3 நாள்

பிரதர் கடைசி வரியைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"மூணு நாளும் அழலியா?"

"மொத நாள் வந்துச்சி, அடக்கிட்டேன். அப்ப இன்னாத்துக்குன்னு தெரியாது. இப்ப உங்களுக்குன்னு எழுதிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னான் பையன்.

பிரதர் நாற்காலியை விட்டு எழுந்தார். "சட்டை மாத்துடா. உங்க அம்மாவைப் பாக்கப் போறோம்."

சகாயராணியைக் கூப்பிட்டு சாவியைக் கொடுத்துவிட்டு, பாகூரில் பஸ் ஏறி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் மாறி, சேதராப்பட்டுக்குப் போக மத்தியானம் ஆகிவிட்டது. காணும் பொங்கல் கூட்டம். வழியெல்லாம் பையன் பேசிக்கொண்டே வந்தான். அம்மா அசந்துபோய்விடும் என்றான். ஷிப்டில் இருந்தால் கம்பெனி கேட்டிலேயே போய் நிற்கலாம் என்றான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பிரதர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நினைத்தார். ஸ்டாப் போய்க்கொண்டே இருந்தது.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. ருக்குமணி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "கிளாஸ் முடிஞ்சிதா பிரதர்? நீங்களே கூட்டினு வந்துட்டீங்களா! நாளைக்கு விடிஞ்சதும் கெளம்பலாம்னு இருந்தேன்."

நவீன் அம்மாவின் கைக்குள்ளிருந்தே திரும்பிப் பிரதரைப் பார்த்தான். கணக்கில் வீக் என்றாலும் இந்தக் கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "முடிஞ்சிதுமா. நல்லா சொல்லிக் குடுத்தாங்க" என்றான்.

தனக்காக அந்தப் பிள்ளை பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க பிரதரால் முடியவில்லை.

"கிளாஸ் எதுவும் நடக்கலம்மா" என்றார். "நான்தான் பொய் சொன்னேன். இன்னைக்கு எனக்குத் திருநாள். தனியா இருக்கப் பயந்துக்கிட்டு உங்க பிள்ளையைப் பிடிச்சி வெச்சிக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

ருக்குமணி கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. வீட்டுக்குள் மூலையைக் காட்டினாள். புதுப்பானை ஒன்று கழுத்தில் மஞ்சள் கொத்தோடு இருந்தது. கொத்தின் இலை காய்ந்து சுருண்டிருந்தது. அடுப்பிலேயே ஏற்றாத பானை.

"அவன் இல்லாம யாருக்குன்னு பொங்கறது பிரதர்? ஞாயித்துக்கிழம வெச்சிக்கலாம்னு வுட்டுட்டேன். லீவு போட்டுட்டு மூணு நாளா இந்த வாசல்லதான் உக்காந்துனு இருக்கேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு ஒரு நாளு. எனக்கு அவன வுட்டா எந்த நாளும் இல்ல."

உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பையன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பிரதர் தனியாக நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். புதுத்துணி போட்ட குடும்பங்கள் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பாகூர் வரைக்கும் வந்தார்.

திங்கட்கிழமை போர்டிங் நிரம்பியது. கரும்பும் முறுக்கும் புதுச்சட்டையுமாகப் பையன்கள் கேட்டில் வந்து இறங்கினார்கள். நாற்பத்தைந்து பேர் வந்தாயிற்று. பிரதர் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு கேட்டைவிட்டு நகராமல் இருந்தார். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் சிமெண்ட் பெஞ்சிலிருந்து எழுந்தார். இனி அவன் வரமாட்டான், வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவாள் என்று அவர் முடிவுகட்டிய நேரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள்.

ருக்குமணி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

"தோத்திரம் பிரதர்" என்றான் நவீன். மற்ற நாற்பத்தைந்து பேரும் சொன்னதுதான். சொல்லிவிட்டு நாலு அடி நடந்தவன் நின்று திரும்பினான்.

"அந்த கார்டு இருக்கா பிரதர்?"

அங்கியின் பையிலேயே இருந்தது. பிரதர் எடுத்துக் கொடுத்தார். அவனுடையது, அவன் கேட்கிறான், என்ன சொல்ல முடியும்?

பையன் பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து ஸ்கேலையும் பேனாவையும் எடுத்தான். கார்டை மடியில் வைத்து, கடைசி வரியின் மேல் ஸ்கேலை வைத்து, நிதானமாக ஒரு கோடு இழுத்தான். மை காயும்வரை ஊதினான். பிறகு எழுந்து வந்து கார்டை அவரிடமே நீட்டினான்.

"மீதிய நீங்க வெச்சிக்கங்க பிரதர்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். பிரதர் ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்துவிட்டு, போய் கேட்டைச் சாத்தினார்.