காப்பிள்மன் வீட்டுக் கான்ஸி

"அம்மா, இனிமே இதைக் கான்ஸின்னு சொல்லாத."

"பின்ன என்னன்னுடா சொல்றது?"

"ஜெர்சின்னு சொல்லு. ஸ்கூல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் கான்ஸின்னு சொல்லிட்டேன். மீன்காரப் பயன்னு ஒரு வாரமா சிரிக்கிறாங்க."

"மீன்காரப் பயதானடா நீ?"

"ஸ்கூலுக்குள்ள இல்லம்மா."

உதவித்தொகை வாங்கி நகரத்துப் பள்ளிக்குப் போன புதிதில் லூக் சொன்னது அது. சொல்லிவிட்டு, அம்மா பின்னிய நீலக் கம்பளிச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி, கோபமில்லாமல் அழகாக மடித்து நாற்காலியில் வைத்தான். கோபத்தில் எறிந்திருந்தால் அம்மா டார்கஸ் மறந்திருப்பாள். அந்த மடிப்பைத்தான் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் கான்ஸி போடவில்லை. அவளும் அவன் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆசை மட்டும் நாக்கு நுனிவரை வருவதும், வந்த வழியே திரும்புவதுமாக இருந்தது.

லூக் இப்போது லீட்ஸில் வக்கீல். ஃபைலிக் கடற்கரையில் படகு இழுக்கும் ஆட்கள் அவளைப் பார்த்தால், "வக்கீலம்மா, மீனு கொஞ்சம் நாறும், மூக்கைப் பொத்திக்கங்க!" என்று கத்துவார்கள். அவளும் விடமாட்டாள். "உன் வாயை விடவா நாறுது?" என்பாள். ஆனால் வீடு வந்து சேரும்வரை அவள் நடையில் ஒரு மிடுக்கு இருக்கும்.

வரும் ஜூனில் லூக்குக்குக் கல்யாணம். பெண், ஹாரோகேட்டில் பெரிய வீட்டுப் பிள்ளை ஹிலரி. அவளும் அவள் அம்மா மிசஸ் லாட்டிமரும் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். அன்று காலை, டார்கஸ் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்க, லூக் அடுப்பங்கரையில் நின்று பாடம் நடத்தினான்.

"கை துடைக்கிற துணி சர்வியெட் இல்லம்மா, நாப்கின். உட்கார்றது செட்டீ இல்ல, சோஃபா. மத்தியானம் சாப்பிடறது டின்னர் இல்ல, லஞ்ச்."

நண்டுக்கூடைக்கு வலை கட்டிக்கொண்டிருந்த அவன் அப்பா இசாக் நிமிர்ந்தான். "அப்ப ராத்திரி பட்டினியா?"

"ராத்திரி சாப்பிடறதுதான் டின்னர்ப்பா."

"நண்டுக்காவது ஒரே பேருதானா, இல்ல அதுவும் மாறுதா?"

"சும்மா இரு இசாக்," என்றாள் டார்கஸ். "ஏன்டா, சர்வியெட்டுன்னுதான் பெரிய மனுஷங்க சொல்வாங்கன்னு நெனச்சுல்ல நான் இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்?"

"அப்படி நெனச்சு சொல்றவங்களைத்தாம்மா அவங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க." சொன்னபின் அவன் முகம் சிவந்தது. "உன்னைப் பார்த்து யாரும் உள்ளுக்குள்ள சிரிச்சிடக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்."

அவன் தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்பது டார்கஸுக்குப் புரிந்தது. அதனால்தான் வலித்தது.

மேசை அலமாரியின் இழுப்பறையில், நாப்கின்களுக்கு அடியில், இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பின்னிய கான்ஸி கிடந்தது. காப்பிள்மன் குடும்பத்து ஆண்கள் கல்யாணத்தன்று கான்ஸி போட்டுத்தான் பெண் பக்கத்தில் நிற்பார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவளே பின்னித் தருவது வழக்கம். இசாக்குக்கு டார்கஸ் பின்னினாள். அவசரத்தில் ஒரு வரிசை தப்பி, அதைப் பிரித்துப் பின்னியதை இன்றும் அவன் சொல்லிக் கிண்டல் செய்வான். ஹிலரிக்கு ஊசி பிடிக்கத் தெரியாதே என்று இந்த முறை டார்கஸே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து எஃகு ஊசிகளில், தையலே இல்லாமல், சுற்றிச் சுற்றி ஒரே வட்டமாக. மார்பில் கயிறும் ஏணியும் போன்ற பின்னல். நடுவில் மேலேறிக் கீழிறங்கும் வளைகோடு. கல்யாண வாழ்க்கை அப்படித்தான் என்று இந்தக் கரையில் அதற்குப் பெயரே கல்யாணக்கோடு.

பின்னி முடித்தாகிவிட்டது. கேட்பதுதான் பாக்கி. வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? இல்லை, மனமில்லாமல் சரி என்று சொல்லிவிட்டால்?

வந்தவர்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். அதுதான் இன்னும் கஷ்டம். மிசஸ் லாட்டிமர் கதகதப்பாகக் கை குலுக்கினாள். ஹிலரி வந்ததும் வராததுமாகப் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். டார்கஸ்தான் ஒவ்வொரு வார்த்தையையும் சல்லடையில் சலித்துவிட்டுப் பேசினாள். "சோஃபாவுல உட்காருங்க. லஞ்ச் தயாரா இருக்கு." பேசப் பேச அவளுக்கே தன் குரல் யாரோ வாடகைக்கு விட்டதுபோல இருந்தது.

இசாக்குக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. தன் ஞாயிற்றுக்கிழமைக் கான்ஸியைப் போட்டுக்கொண்டு நண்டை உடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அழகான ஜெர்சி, மிஸ்டர் காப்பிள்மன்!" என்றாள் மிசஸ் லாட்டிமர். "கடல்ல யாராவது மூழ்கிட்டா அடையாளம் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பின்னல்னு எங்கயோ படிச்சேன்."

"பொணத்துக்குப் போடவா இவ இம்புட்டு மெனக்கெடுவா?" என்றான் இசாக். "குளிர் தாங்கத்தாம்மா போடறோம். அப்புறம், கரையில நாலு பொண்ணுங்க பார்க்கறதுக்கு."

மிசஸ் லாட்டிமர் வாய்விட்டுச் சிரித்தாள். விறைத்திருந்த லூக்கின் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

அப்போதுதான் டார்கஸ் மேசையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். நாப்கினின் பெயரைக் காலையிலிருந்து நினைவில் வைத்திருந்தவள், நாப்கினை எடுத்து வைக்க மறந்திருந்தாள்.

"நீங்க இருங்க, நான் எடுக்கறேன். இதுலதான இருக்கு?" ஹிலரி எழுந்து இழுப்பறையைத் திறந்தே விட்டாள். துணிகளோடு நீலக் கம்பளியும் வெளியே வந்தது. "ஐயோ, எவ்வளவு அழகு! இங்க பாருங்கம்மா, கீழ எழுத்து பின்னியிருக்கு. லூ. கா. லூக், இது உனக்கு!"

மிசஸ் லாட்டிமர் அதை வாங்கி விரித்தாள். விரல்களால் பின்னலை வருடினாள். "எவ்வளவு பொறுமை இதுக்கு வேணும்! ஆனா பாவம், கை மட்டும் குட்டையா போயிடுச்சு. மணிக்கட்டுக்கு மேலயே நிக்குதே. ஜெர்சியோட கையை அப்புறமா நீட்ட முடியுமா?"

அந்தக் கணம்வரை அது டார்கஸுக்குத் தோன்றவே இல்லை. கடலுக்குப் போகிறவனுக்குப் பின்னுவதுபோலக் கையைக் குட்டையாக நிறுத்தியிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் மகனுக்கு! அவள் விரல்களுக்கு வேறு அளவு தெரியாது.

"மன்னிச்சுக்குங்க," என்றாள். "ஜெர்சி கொஞ்சம் தப்பா... நான் பிரிச்சு..."

"தப்பில்ல."

லூக் எழுந்து நின்றிருந்தான். சட்டையை வாங்கி ஒரு கையில் பிடித்துக்கொண்டான். இன்னொரு கையால் ஓரத்து எழுத்தைத் தொட்டுப் பார்த்தான். அவன் பேசியது லீட்ஸ் பேச்சாக இல்லை. படகுத்துறைப் பேச்சாக இருந்தது.

"கை அங்கதான் நிக்கணும். நீளமா இருந்தா உப்புத்தண்ணியில ஊறி மணிக்கட்டை அறுத்துடும். அப்பாவோடதைப் பாருங்க, அங்கதான் நிக்குது. கையைத் தோள்லேருந்து கீழ்நோக்கிப் பின்னுவாங்க. முனை கிழிஞ்சா அதை மட்டும் பிரிச்சுப் புதுசா பின்னிக்கலாம். இந்தக் கயிறும் ஏணியும் எங்க வீட்டோடது." அம்மாவைப் பார்த்தான். "அப்புறம், இது ஜெர்சி இல்ல. கான்ஸி."

அவன் கோட்டைக் கழற்றிவிட்டு அதைத் தலைவழியாக மாட்டினான். கழுத்து இறுக்கம். தலை பாதியில் சிக்கிக்கொண்டது.

"சட்டம் படிச்சுப் படிச்சு மண்டை வீங்கிடுச்சு," என்றான் இசாக். "ஹிலரி, நீ அந்தப் பக்கம் இழும்மா!"

ஹிலரி இழுத்தாள். கலைந்த முடியோடு லூக் வெளியே வந்தான். நீலம் உடம்போடு ஒட்டி, மார்பில் கயிறும் ஏணியும் நிமிர்ந்து நின்றன. மணிக்கட்டு இரண்டும் வெளியே தெரிந்தன. இசாக்கின் மணிக்கட்டுகளேதான்.

மிசஸ் லாட்டிமர் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். "கான்ஸி," என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நீட்டறதைப் பத்திப் பேசினதை மறந்துடுங்க, மிசஸ் காப்பிள்மன்."

"அதனால என்னங்க! அந்த சர்வியெட்டை இப்படிக் குடுங்க," என்றாள் டார்கஸ். லூக் சிரித்தான். திருத்தவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மகனிடம் போனாள். தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறை எடுத்தாள். கீழ் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். இத்தனை வருஷம் நாக்கு நுனியில் நின்றதை இனி விழுங்க முடியாது என்று தெரிந்தது.

"லூக், ஜூன்ல கோயில்ல ஹிலரி பக்கத்துல நிக்கறப்போ, கோட்டு வேண்டாம்டா. இந்தக் கான்ஸியோட நில்லு."