ஜெனூபாவின் பயணமும் றிப்னாவின் வீடும்

ஜெனூபா துருக்கிக்குப் போகப்போகிறாள் என்பது எங்கள் மருதமுனைத் தெருவுக்குப் பழைய செய்தி. முதலில் "எப்ப பயணம்?" என்று கேட்டோம். பிறகு "இன்னும் போகல்லையா?" என்று கேட்டோம். இப்போது அவளைக் கண்டால் மழையைப் பற்றிக் கதைக்கிறோம். இதைவிடப் பெரிய மரியாதை எங்களுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை யூனுஸ் நல்ல மனிசன். ஜெனூபா கட்டாரில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் இருந்தபோது, பக்கத்துப் பேக்கரியில் பாண் போட்டவர். நிக்காஹுக்கு இங்கே வந்து கொஞ்ச நாள் நின்றார். எங்கள் ஊர்ச் சாறனை உடுத்து, அது அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் நடந்ததைப் பார்க்க மதிலுக்கு மேலால் எத்தனை தலைகள்! முதல் தலை என்னுடையது.

அவர் தன் நாட்டுக்குப் போய், கூடப்பிறந்த நானாவின் பேக்கரியில் சேர்ந்து, நானா வீட்டு மேல்மாடியில் ஓர் அறையும் பிடித்துவிட்டார். விசாக் கடதாசி சரியானதும் பெண்சாதியைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. அன்றிலிருந்து ஜெனூபா ஆயத்தமானாள். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போனைப் போட்டுக்கொண்டு "எக்மெக், எக்மெக்" என்று பாடமாக்குவாள். துருக்கிப் பாசையில் பாணாம். கல்முனைப் பசாரில் குளிர்ச்சட்டை தேடி அலைந்தாள். கடைக்காரன் மழைக்கோட்டை எடுத்துக் காட்டினான். அவளுடைய உம்மா சுபைறா கருவாட்டைப் பொரித்து இடித்துப் பொதி செய்தாள்.

"ப்ளேன்ல மணந்தா இறக்கி உட்டுடுவானுகள், சுபைறாத்தா," என்றேன்.

"இறக்கினா நல்லந்தானே கா. புள்ள வீட்ட வந்துடுவாள்," என்றாள்.

சிரித்தோம். அப்போது அவளுக்கு வருவதற்கு வீடு இருந்தது.

எங்கள் பக்கத்து வழமை தெரியுந்தானே. பெண்ணுக்கு வீடு கொடுப்போம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். மூத்தவள் ஜெனூபாவுக்கென்று அவளுடைய வாப்பா ஆதம்பாவா காக்கா கட்டி எழுதிய வீடுதான் அது. இளையவள் றிப்னாவுக்கு இன்னொன்று கட்ட வேண்டும். ஆனால் வயல் வட்டையில் நெல் வெள்ளாமை அடுத்தடுத்து வெள்ளத்தோடு போனது. அந்த நேரம் பார்த்து முர்ஷித்தின் சம்பந்தம் வந்தது. நல்ல பெடியன், கல்முனையில் கடை. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "வீடு எங்க?"

ஆதம்பாவா காக்கா யோசித்தார். பிழையாக யோசித்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. தெருவில் ஒரு ஆள் மாறி யோசிக்கவில்லை, நான் உட்பட. புருசன்ட நாட்டுக்குப் போகிறவளுக்கு இங்கே எதற்கு வீடு? பூட்டி வைத்தால் கறையான்தான் குடியிருக்கும்.

"ஜெனூபா, உனக்கு மனம் பொருத்தமா மகள்?" என்று வாப்பா கேட்டார்.

"எனக்கென்னத்துக்கு வாப்பா? நான் போறவள்தானே," என்றாள்.

நொத்தாரிசிடம் போய் வீட்டை றிப்னாவின் பெயருக்கு மாற்றி எழுதினார்கள். முர்ஷித் மாப்பிள்ளையாக வந்து முன்னறையில் குடியேறினார். ஜெனூபா தன் பெட்டிகளோடு சாமான் அறைக்குப் போனாள். கொஞ்ச நாளைக்குத்தானே என்றார்கள். கொஞ்ச நாள் நீண்டது. கடதாசி வரவில்லை, றிப்னாவுக்கு வயிறு வந்தது.

முர்ஷித் ஒரு சொல்லும் பிழையாகச் சொல்லவில்லை. "ஜெனூபா ராத்தா எவ்வளவு காலமும் இரிக்கலாம் மாமா," என்றுதான் சொன்னார். சொன்ன பிறகு ஜெனூபா சோற்றை மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எடுத்தாள். குசினிப் பக்கம் ஒரு மணித்தியாலம் நின்றாலே எனக்கு இதெல்லாம் தெரிந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆண்கள் போன நேரம், யூனுஸின் போன் கோல் வந்தது; ஜெனூபா எப்பவும் ஸ்பீக்கரில்தான் போடுவாள். அவர்கள் கதைப்பது அரைவாசி இங்கிலீசு, அரைவாசி அரபு. குவைத்தில் அடுப்படியில் நான் படித்த அரபு அதற்குப் போதும். மனிசன் சந்தோசமாகக் கதைத்தார். நானா பேக்கரியை விற்றுவிட்டாராம். மேல்மாடி அறையில் நானாவின் மகன் கலியாணம் முடித்துக் குடியேறப் போகிறானாம். "பரவால்ல," என்கிறார் யூனுஸ். "நான் அங்க வாறன். உங்கட ஊர் வழமை நல்ல வழமை. புருசன் பொண்ணுட வீட்டுக்கு வாறது. உன்ட வீடு இரிக்குதானே? முத்தத்தில ஒரு போறணை கட்டுவம். நான் பாண் போடுறன்."

நான் மதிலோடு ஒட்டி நின்றேன்.

"வேணாம்," என்றாள் ஜெனூபா. "நீங்க வராதீங்க. நான் வாறன்."

"எங்க வருவாய்? எனக்கு இஞ்ச படுக்க இடமில்ல."

பின்னேரம் அந்த வீட்டில் கதை நடந்தது. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"வயித்துப் புள்ளக்காரிய எழும்பிப் போ என்டு சொல்லவா மகள்?" என்றார் ஆதம்பாவா காக்கா.

"நான் அப்பிடிக் கேட்டனா வாப்பா?"

"ஒரு வீட்டுக்க ரெண்டு மாப்பிள்ள இரிக்கேலாது. சனம் சிரிக்கும்."

சனம் என்றால் நாங்கள்தான்.

றிப்னா அழுதாள். அவள் அழ, சுபைறா அவளைத்தான் தேற்றினாள். பிள்ளை வயிற்றில் இருக்கிறதல்லவா. ஜெனூபா போனை எடுத்துக்கொண்டு பின் வளவுக்கு வந்தாள். கிணற்றடியில் நின்று யூனுஸுக்கு எடுத்து, வீடு இல்லை என்பதைச் சொன்னாள். தங்கச்சிக்குக் கொடுத்ததைச் சொன்னாள். அவர், அப்படியென்றால் நாம் எங்கே இருப்பது என்று கேட்டார். இங்கிலீசில் கேட்டார், அரபில் கேட்டார்.

"எனக்குத் தெரியா," என்றாள் ஜெனூபா தமிழில். அவருக்கு விளங்கவில்லை. அவர் திரும்பவும் கேட்டார். "எனக்குத் தெரியா, தெரியா," என்றாள் மறுபடியும் தமிழிலேயே.

அதற்குப் பிறகு அவருடைய கோல் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

இன்று அசர் தொழுகைக்குப் பிறகு சுபைறா எங்கள் வாசல் கடப்பால் வந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"புள்ள, நீங்க நெல்லு மூட்ட அடுக்கிற பின்னறை சும்மாதானே கிடக்கு?"

"ஓம், சுபைறாத்தா. ஏன், எத்தின பேருக்கு?"

"ஒராளுக்குத்தான். மூத்தவளுக்கு."

"எவ்வளவு நாளைக்கு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"நாளக் கேக்காத கா," என்றாள்.