முப்பது ஆம்பியர்

1

ஒருவர் தலையில் பழியைக் கட்டத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளும் தயாராக இருந்தார்: அரியமங்கலத்தில் பெட்ரோல் வண்டிகளை மின்சார வண்டிகளாக மாற்றித் தரும் மெக்கானிக் அற்புதசாமி. முதல் வரி இப்படிப் போனது:

அற்புதசாமிக்கு அவசரம் அதிகம், அக்கறை

(நிறுத்திவிட்டேன். ஒரு நட்டை முறுக்கினால் மூன்று முறை தொட்டுப் பார்க்கிற மனிதர் அவர். புளுகுக்கும் ஓர் அளவு வேண்டும்.)

2

ஜெஸிமாவிடமிருந்து தொடங்குகிறேன். எடமலைப்பட்டி புதூரில் என் பக்கத்து வீடு. சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனவள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் கொண்டுபோய் விட்டது அண்ணன் பரக்கத் அலி. வழிநெடுகச் சொல்லிக்காட்டிக்கொண்டே போவார்.

"ஒனக்கு டிரைவரா இருக்கத்தான் நான் பொறந்தேனா? பேசாம வேலைய விட்டுடு."

அதனால்தான் ஒரு பழைய ஸ்கூட்டரை அற்புதசாமியிடம் கொடுத்து, பக்கச் சக்கரம் வைத்த மின்சார வண்டியாக மாற்றச் சொன்னாள். வேலையைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி இல்லை.

3

மோட்டாரைப் பொருத்திவிட்டு அற்புதசாமி என்னிடம் சொன்னார்: "ஏத்தத்துல இது முப்பது ஆம்பியர் இழுக்கும் சார். ஒரே நேரத்துல அவ்வளவு குடுக்குற பேட்டரியா பாத்து வாங்குங்க."

வாங்கித் தரும் பொறுப்பை நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எழுத்தாளன் அல்லவா, எல்லாம் தெரிந்தவன். சென்னையில் ஒரு கடைக்குப் போன் செய்து முப்பது ஆம்பியர் பேட்டரி என்றேன்.

"முப்பது ஆம்பியர் ஹவர்தானே சார்?"

இந்த 'ஹவர்' எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவேனே.

"அதேதான்" என்றேன்.

* ஆம்பியர் என்றால் ஒரே நேரத்தில் எவ்வளவு கொடுக்கும் என்பது. ஆம்பியர் ஹவர் என்றால் மொத்தம் எவ்வளவு வைத்திருக்கும் என்பது. பிற்பாடு அற்புதசாமி விளக்கினார்: "தொட்டி பெருசு சார், குழாய் சின்னது. இருபதுக்கு மேல கேட்டா இது தானா அணைஞ்சுடும்." கேட்டு வாங்கியதுதான் என்று நான் அடித்துச் சொன்னதை நம்பி, அவர் அப்படியே மாட்டியிருந்தார்.

4

முதல் நாள் காலை, ஜங்ஷன் மேம்பால ஏற்றத்தில் வண்டி அணைந்தது. பின்னோக்கி உருண்டது. பின்னால் வந்த பஸ்

(முடிக்க மாட்டேன். பஸ் நின்றுவிட்டது, அவளுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் நான்கு பேர் இறங்கி வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். அவளையும் வண்டியோடு சேர்த்தே தள்ளினார்கள்.)

5

ஒரு முடிவு: பேட்டரியை மாற்றுகிறார்கள், ஜெஸிமா தனியாகவே காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போகிறாள். எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்திருந்தது. படிக்க வெட்கமாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.

நடந்தது வேறு. வண்டியை விற்க பரக்கத் அலி ஆள் பார்த்துவிட்டார். மறுநாள் காலை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. "பேட்டரிதான் கோளாறுன்னு டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார், மாத்திக்கலாம்" என்று அற்புதசாமி என்னை அனுப்பினார். போனேன். ஜெஸிமா ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டி மேல தப்பில்லண்ணே. நான்தான் பயத்துல கண்டபடி முறுக்கிட்டேன். அதுதானே?"

அவள் அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரரிடம் சொன்ன அதே ஒரு சொல்லைத்தான் அவளிடமும் சொன்னேன். இன்னொரு முறை எழுதக் கை வரவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். அவள் இன்னும் பேனாவை மூடவில்லை. எனக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்.

"............................................"