நறுக்கிய பாட்டுகள்

காபியை ஆற்றிக்கொண்டு இளவரசி கூடத்துக்கு வருவதற்குள் ராஜ்கமல் காரியத்தை முடித்துவிட்டிருந்தான். புருஷனின் தம்பி, கடலூரில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. அண்ணன் வாடகைக்கு விடும் மைக்செட்டுக்குப் பாட்டுப் போடும் லேப்டாப் பழசாகிவிட்டது, ஒருநாள் விசேஷத்தில் மானத்தை வாங்கிவிடும் என்று அவனே காலை பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்திருந்தான். ஆப்பரேட்டிங் சிஸ்டமும் புதுசு, பாட்டுகளை அடுக்கிவைக்கும் சாப்ட்வேரும் புதுசு.

"அண்ணி, அறுநூத்திப் பன்னண்டு பாட்டு ரெண்டு ரெண்டா கெடந்துச்சு. சாப்ட்வேரே கண்டுபுடிச்சுக் கேட்டுச்சு, ஒண்ண தூக்கிட்டேன். எவ்ளோ எடம் மிச்சம் பாருங்க!"

இளவரசி காபியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த இரண்டில் ஒன்று கல்யாணத்துக்கு, மற்றது கல்யாணச் சாவுக்கு. பேரன் பேத்தி எடுத்து நிறைந்த வயதில் போனவர்களுக்கு அழுகைப் பாட்டு ஆகாது, நல்ல பாட்டாகத்தான் போட வேண்டும். ஆனால் நல்ல பாட்டில்தான் நூறு வயசு வாழ்க என்று எங்காவது ஒரு வரி உட்கார்ந்திருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால், புருஷன் விஜயகுமார் காய்ச்சலில் கிடந்தபோது, இவள்தான் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தாள். அப்படியொரு வரி ஸ்பீக்கரில் அலற, செத்தவரின் மகள் எழுந்து வந்து இவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள். திட்டியிருந்தால்கூட மறந்திருக்கும். அதற்குப் பிறகு இளவரசி எந்தச் சாவுக்கும் போகவில்லை. வேலையில்லாத பகலெல்லாம் லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, அந்த வரிகளை மட்டும் நறுக்கி எடுத்து, ஒட்டுத் தெரியாமல் சேர்த்து, தனி ஃபோல்டரில் ஒரு நகல் வைத்தாள். பேரை மாற்றத் தோன்றவில்லை. பாட்டு அதுதானே என்று இருந்துவிட்டாள். இப்போது சாப்ட்வேர் முழுப் பாட்டை வைத்துக்கொண்டு அவள் நறுக்கியதையெல்லாம் அழித்துவிட்டது.

"திரும்ப எடுக்க முடியாதா தம்பி?"

"குப்பையையும் காலி பண்ணிட்டேனே அண்ணி." அவன் முகம் செத்துப்போயிற்று.

வாசலில் விஜயகுமார் ஸ்பீக்கர் பாக்ஸ்களை மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். காட்டுமன்னார்கோயில் ரோட்டில் தொண்ணூற்றாறு வயசு ஆயா போய்விட்டாள். மூன்று மணிக்குத் தூக்குகிறார்கள்.

"இருக்கறத போட்டுக்கலாம். சாவு வூட்ல எவன் காது குடுத்துக் கேக்கறான்?" என்றான், அவள் வந்து விஷயத்தைச் சொன்னதும்.

"நான் கேக்கறேன். இன்னிக்கு செட்டுல நான்தான் உக்காரப் போறேன்."

"பொம்பள போயி அங்க உக்காந்தா நாலு பேரு என்னா பேசுவான்?"

"பேசட்டும்" என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். எட்டு வருஷ உழைப்பு ஒரு க்ளிக்கில் போன ஆத்திரம் அவளுக்கு. அழுகை வரவில்லை, பிடிவாதம்தான் வந்தது. எந்தப் பாட்டில் எந்த இடம் என்பது அவளுக்கு மனப்பாடம். அதை எந்த சாப்ட்வேர் வந்து அழிக்கும்?

பந்தலில் முதல் பாட்டு ஓடியது. வரி வருவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால் மிக்சரின் குமிழைத் திருகினாள். சத்தம் அறுந்தது, உள்ளே பெண்களின் ஒப்பாரி மட்டும் கேட்டது. வரி போனதும் மறுபடி ஏற்றினாள். நான்காவது பாட்டில் வேட்டிக்காரர் ஒருவர் எழுந்து வந்தார்.

"என்னாம்மா, செட்டு உட்டு உட்டு வருது? ரிப்பேரா?"

விஜயகுமார் பதறிக்கொண்டு வாயைத் திறந்தான். இளவரசி முந்திக்கொண்டாள்.

"ரிப்பேரு இல்லீங்க. நான்தான் நிறுத்தறேன்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஐந்தாவது பாட்டு பல்லவி முடிந்து சரணத்துக்குள் நுழைந்தது. அந்த வரிக்கு இன்னும் ஒரு மூச்சு இருந்தது; அவள் விரல்கள் குமிழின்மேல் இருந்தன.