வால் ஏன் துடித்தது?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கண்ணாடிக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடம் கிடையாது. அங்கே ஹெலிகாப்டர் உட்கார்ந்திருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். வாரமெல்லாம் ஊரார் கண்ணைச் சோதித்துவிட்டு, விடுமுறையில் ரிமோட்டில் பறக்கும் அந்தக் குட்டி ஹெலிகாப்டரைச் சோதிப்பார். திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்ப்பார். இறக்கையில் கீறல் உண்டா என்று நகத்தால் தடவுவார். பேட்டரி லேசாக உப்பியிருந்தாலும் ஓரங்கட்டிவிடுவார். பெண் கொடுப்பவர்கள்கூட மாப்பிள்ளையைப் பற்றி இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

கடைசிச் சோதனைக்கு மட்டும் மனைவி வேண்டும். மேலே சுழலும் பெரிய இறக்கையின் மோட்டார் இணைப்பைக் கழற்றி, ஹெலிகாப்டரை அவள் கையில் கொடுத்துவிட்டு, ரிமோட்டோடு தெருக்கோடிக்கு நடப்பார். அங்கிருந்து அவர் இயக்கினால் வாலிலுள்ள சின்ன இறக்கை திரும்ப வேண்டும். விட்டால் அசையாமல் நிற்க வேண்டும். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, "திரும்புது", "நின்னுடுச்சு" என்று குரல் கொடுப்பது அவள் வேலை.

அன்று அவள், "நிக்கலைங்க! தானா துடிக்குது" என்றாள்.

ஓடி வந்து பார்த்தார். உண்மைதான், வால் துடித்துக்கொண்டிருந்தது. வாங்கி மேசையில் வைத்தார், நின்றுவிட்டது. திரும்ப அவளிடம் கொடுத்தார், துடித்தது. ஹெலிகாப்டரின் உடம்பு ஆடினால் அதை உணர்ந்து, வாலைத் திருப்பி நேராக்க உள்ளே கைரோ என்று ஒரு சிறு கருவி உண்டு. அதில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்.

"கொஞ்சம் ஆடாமப் பிடியேன்!"

"ஆடாமத்தாங்க பிடிக்கிறேன். எனக்கே கொஞ்ச நாளா படபடன்னு வருது. மாடி ஏறினா மூச்சு வாங்குது. வளையல் வேற கழண்டு கழண்டு விழுது. ஒரு எட்டு டாக்டர்கிட்ட போய்ட்டு வரலாமா?"

"போலாம், போலாம். முதல்ல இதைச் சரி பண்ணிக்கிறேன்" என்றார், திருகைத் தேடியபடியே.

அவர் கெட்டவர் இல்லை. மனைவி மேல் ஒருநாளும் கைநீட்டியதில்லை. அவள் கேட்டு இல்லையென்று சொன்னதுமில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். எத்தனை வீட்டில் எத்தனை பேர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

அடுத்தடுத்த வாரங்களில் வாலை இயக்கும் சின்ன மோட்டாரை மாற்றினார். கைரோவை ஒட்டியிருந்த பஞ்சை மாற்றினார். ஒயரையெல்லாம் பிரித்துக் கட்டினார். மேசையில் சாதுவாக இருந்தது, அவள் கைக்குப் போனதும் துடித்தது. சந்தேகம் தீராமல் தரையை விட்டுக் கிளப்பக் கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு, கிளப்பவே இல்லை. அவள் மட்டும் வழக்கம்போலச் சமைத்தாள், துவைத்தாள், ஈரத்துணி வாளியோடு மாடி ஏறினாள்.

புதுக் கைரோ வந்து சேர்ந்த காலையில், பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "வந்து பிடி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கீழே கிடந்தாள், வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"தைராய்டு ரொம்ப நாளா எகிறியிருக்கு. இதயத் துடிப்பு தாறுமாறாகி, ரத்தக்கட்டி மூளைக்குப் போயிடுச்சு" என்றார் டாக்டர். "முன்னாடி கை நடுங்குச்சா? இளைச்சாங்களா? ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரையிலயே கட்டுப்பட்டிருக்க வாய்ப்பு இருந்தது."



மாற்றுத் துணி எடுக்க, தகவல் கேட்டு வெளியூரிலிருந்து வந்த மகளோடு வீட்டுக்கு வந்தார். டாக்டரிடம் போகலாமா என்று அவள் அம்மா கேட்டதை வழியிலேயே சொல்லியிருந்தார். மேசையில் ஹெலிகாப்டர் அப்படியே இருந்தது. பழைய கைரோவை அவர் இன்னும் கழற்றியிருக்கவில்லை. பேட்டரியைச் செருகி, "இதைக் கொஞ்சம் பிடிம்மா" என்றார்.

"இப்பவாப்பா?"

"பிடியேன்."

பிடித்தாள். வால் அசையவே இல்லை.

"இதுல ஒரு கோளாறும் இல்லைம்மா. உங்கம்மா கைதான் நடுங்கியிருக்கு. வாரா வாரம் இது எனக்குச் சொல்லியிருக்கு."

"அம்மா வாயாலயே சொன்னாங்களேப்பா" என்றாள் மகள். "மெஷின் நடுங்குதுன்னு அதைப் பறக்க விடலை நீங்க. அம்மா நடுங்கினப்போ ஒருநாள் உக்கார விட்டீங்களா?"

மனைவி உயிர் பிழைத்தாள். பேச்சும் வலது கையும் வரவில்லை. அவரோடு சேர்ந்து ஹெலிகாப்டர் பறக்கவிடும் நண்பர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "வால் கோளாறு சரியாச்சா?" என்று கேட்டுவைத்தார்.

"அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் கண்ணாடிக்காரர். "நீ ஒண்ணு செய். இனிமே மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரி கையைத் தொட்டுப் பாரு. முடியலைன்னு சொன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. மெஷினுக்குப் புதுசு வாங்கி மாட்டலாம். மனுசங்களுக்கு அப்புறம்னு ஒண்ணு கிடையாதுப்பா."

மனைவியின் வலது கை அவர் மடியில் இருந்தது. அது இப்போது கொஞ்சமும் நடுங்கவில்லை.