முன்னவளின் இருக்கை

உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி வாங்கப் போனால் முதலில் அதற்குள் கொஞ்ச நேரம் குடியிருந்து பார்க்க வேண்டும் என்பது என் கணவர் வைத்திருந்த சட்டம். கதவைச் சாத்திவிட்டு, வெளியே அடைமழை, இறங்க வழியில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். டீ போடுவதுபோல் பாவனை செய்ய வேண்டும். ஒருவர் படுத்திருக்கும்போது மற்றவர் எழுந்து நடமாட வேண்டும். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவராக இருந்தவர். சின்ன இடத்துக்குள் மாட்டிக்கொண்ட மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் ஒருவரையொருவர் முறைக்க ஆரம்பிப்பார்கள் என்று நிறையவே பார்த்திருக்கிறார். அதனால் அந்தச் சட்டம் அவர் மூளையில் உதித்தது என்றுதான் நினைத்திருந்தேன். அது அவருடைய முதல் மனைவி போட்ட சட்டம் என்பது வண்டிக் கடையில்தான் தெரிய வந்தது.

அவள் இறந்து வெகுகாலம் கழித்து, இருவருக்கும் தலை நரைத்த பிறகு, நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். அவர்கள் இரண்டு பேரும் காருக்குப் பின்னால் கேரவன் என்ற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு போகாத இடமில்லை. நான் அப்போது நடமாடும் நூலக வண்டியை ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நானும் ஓய்வு பெற்றதும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

"லைப்ரரி, வண்டி ஒண்ணு வாங்கிட்டுக் கெளம்பிடலாமா?"

என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவரோடு, அவள் இல்லாத ஒரு பயணம்.

கடை ஊரின் விளிம்பில், சரளைக்கல் கொட்டிய மைதானத்தில் இருந்தது. விற்பனைக்காரர் எந்த வண்டியைத் திறந்தாலும், "இதுல ஆறு பேரு தாராளமா படுக்கலாம் மேடம்" என்றார்.

"ஆறு பேருக்கு நாங்க எங்க போறது?"

"பேரப்புள்ளைங்க வருவாங்கல்ல?"

"இல்ல தம்பி, நாங்க ரெண்டே பேருதான்" என்றார் என் கணவர்.

மூன்று என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"படுக்கை குறுக்கால இருந்தா வேணாம். உள்பக்கம் படுத்தவங்க எந்திரிக்கணும்னா இன்னொருத்தரத் தாண்டணும்" என்றார்.

"நல்ல யோசனை. உங்களுதா?" என்று கேட்டேன்.

"அவளுது. பாத்ரூம் கதவும் வெளியதான் தெறக்கணும். உள்ள யாராச்சும் மயங்கி விழுந்தா தெறக்க முடியாது பாரு."

"இதுவும்?"

"இதுவும் அவதான். உள்ள உக்காந்து பாக்குறதே அவ ஆரம்பிச்சதுதானே!"

இறந்து போனவளோடு மல்லுக்கு நிற்பதில் பெரிய சங்கடம், அவள் சொன்னதெல்லாம் சரியாக இருப்பது.

முதலில் ஏறியது, இழுத்துச் செல்லும் கேரவன். அவர்களுடைய பழைய வண்டியைப் போலவே உள்ளமைப்பு என்றார். உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். எங்கள் வீட்டு நாற்காலியில் ஒருநாளும் அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. நான் அடுப்புப் பக்கம் நின்று வெறும் கோப்பையை எடுத்து, "டீ ரெடி" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே முழங்காலை ஒதுக்கிக்கொண்டு கையை நீட்டினார். கை தாழ்வாக, என் இடுப்புக்கும் கீழே வந்து காத்திருந்தது. நான் நெட்டைக்கொக்கு. அந்த உயரத்தில் நான் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை.

"அவங்க குள்ளமா?"

"யாரு? அவளா? உன் தோளுக்கு வருவா. எதுக்குக் கேக்குற?"

"இந்த வண்டி வேணாம்."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் வேணாம்."

அடுத்தது, ஓட்டும் இருக்கையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் மோட்டார் வண்டி. விலை கூடுதல், எண்ணெய் அதிகம் குடிக்கும், போன இடத்தில் கடைக்குப் போகவும் வீட்டையே கிளப்ப வேண்டும் என்று அவர் குறை அடுக்கினார். எல்லாம் உண்மை. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க ஓட்டுவாங்களா?"

"சேச்சே, ஸ்டியரிங்கத் தொடவே பயப்படுவா. பக்கத்துல உக்காந்து வழி சொல்றதோட சரி."

"இந்த வண்டிதான். நான்தான் ஓட்டுவேன்."

"போற தூரம் பூராவுமா?"

"பூராவும்."

"சார் குடுத்து வச்சவரு. காலை நீட்டிக்கிட்டு வேடிக்கை பாத்துட்டே போங்க" என்றார் விற்பனைக்காரர்.

முதல் பயணத்தின் காலைப்பொழுதை நான் மறக்கவே மாட்டேன். ஸ்டியரிங் என் கையில், அவர் என் பக்கத்தில். பாட்டுக்கூடப் பாடினேன். பெரிய ஆற்றுப்பாலம் வந்தது. அவர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லைப்ரரி, இங்கேருந்து கீழ தண்ணி தெரியுது! படகெல்லாம் தெரியுது!"

"பாலம்னா தெரியாதா?"

"எத்தனையோ தடவ இது மேல ஓட்டியிருக்கேன், ரோட்டத் தவிர எதையும் பாத்ததில்ல. அவ 'அங்க பாருங்க, அங்க பாருங்க'ம்பா. திரும்பினா ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளதான்னு அதட்டுவேன்." ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டார். "இதத்தான் பாத்துட்டு வந்திருக்கா."

புதிதாகக் கல்யாணமானவர் பேசுவதுபோல் இருந்தது குரல். அவளுடைய இடத்தில், அவளுடைய ஜன்னலோரத்தில், நானே அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறேன். பாலம் முடிந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும், "ஓ, இதுதானா அது" என்றார்.

ஒரு பெட்ரோல் பங்கைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன்.

"எறங்குங்க."

"என்னாச்சு, டயரா?"

"நீங்க ஓட்டுங்க."

"பூராவும் நான்தான்னு சொன்ன?"

"சொன்னேன். இப்ப சொல்லல."

இடம் மாறினோம். இருக்கையில் அவர் சூடு இன்னும் இருந்தது. அவர் வழக்கம்போல் ரோட்டின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓரிடத்தில் என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

"என்ன தெரியுது?"

"ரோட்டப் பாருங்க."

"சொல்லேன். நல்லாருக்கா?"

"ரொம்ப நல்லாருக்கு."

"என்னதது?"

"சொல்ல மாட்டேன்."

அதன்பிறகு எத்தனையோ பயணங்கள் போனோம். நடுநடுவே, "அன்னிக்கு எதப் பாத்துச் சிரிச்ச?" என்று கேட்பார். படகு, பறவை, மனிதர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பார். நான் தலையாட்டி மறுப்பேன். வேறு யாரைப் பற்றியும் அவர் அவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும், "இப்பவாச்சும் சொல்லு லைப்ரரி" என்றார்.

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றேன்.

வரவில்லை. போன இடத்தில் அவளிடம் கேட்டுப் பார்க்கட்டும். அவளுக்கும் தெரியாது.