கீழே ஓடிய எழுத்து

என் வீட்டுக்காரர் பொய் சொல்லமாட்டார். உண்மையை வெட்டி ஒட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான். டிவிடிகளுக்கு சப்டைட்டில் போடுவது அவர் தொழில்.

என் அக்கா சலவை ஆலையில் வேலை பார்த்தவள். துணி தேய்க்கும் உருளையில் சிக்கி வலது கை போய்விட்டது. நிறுத்தும் பொத்தான் பழுதென்று அவள் முன்பே தலைபாடாக அடித்துக்கொண்டாள். ஆலையில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் அதைச் சொல்லி அழுததைச் சங்கத்துக்காரர்கள் படம்பிடித்து டிவிடியாக்கினார்கள். விசாரிக்க வரும் தலைமை அலுவலகத்தாருக்கு நம் மொழி தெரியாது. கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் அவர்கள் முடிவுசெய்வார்கள். தப்பு எந்திரத்தின்மேல் என்றால் அக்காவுக்கு நஷ்டஈடு உண்டு. அவள்மேல் என்றால் வெறுங்கை, அதுவும் ஒன்றுதான்.

சங்கத்துக்காரர்கள் போட்ட பழைய சப்டைட்டில் முழுக்கப் பிழை, புதிதாகப் போடவேண்டும் என்றார் ஆலை மேலாளர். வேலை என் வீட்டுக்காரரிடமே வந்தது. நம்ம ஆள் கையில் வந்ததே என்று பூரித்துப்போனேன். என் புத்தியை என்ன சொல்ல?

"படத்தத் திரும்பப் பதிவு பண்ணவே கூடாது. அப்புறம் சாட்சியத் திருத்திட்டோம்னு சொல்லுவாங்க," என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எழுத்து தனி அடுக்கா இருக்கு. அத மட்டும் உருவிட்டு வேற ஒண்ணச் சொருகணும்."

"அக்கா சொன்னது அப்படியே வருமா?"

"படத்துல ஒரு புள்ளிகூட மாறாது."

நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விசாரணை அறையில் அவரே டிவிடியை ஓடவிட்டார். நானும் அக்காவும் பின்வரிசையில் இருந்தோம். மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்ப்பதால் தலைமை அலுவலகத்தாரின் மொழியை நான் படிப்பேன். திரையில் அக்கா, "எத்தன தடவ சொன்னேன், யாராவது கேட்டீங்களா?" என்று கதறினாள். கீழே, 'என் கவனக்குறைவுதான் காரணம்' என்று ஓடியது.

பிறகு திரையில் அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டுப்போட்ட மொட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து நிற்கவில்லை. ஆலைக்கு நன்றி, மேலாளருக்கு நன்றி, மருந்துச் செலவுக்கு நன்றி. மேலாளர் எழுதிக்கொடுத்த நன்றி அத்தனையும் அவள் பேசிய நேரத்துக்குள் அடங்கவில்லை போலிருக்கிறது. விசாரிக்க வந்த குழுவின் தலைவி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். வாய் மூடியிருக்கும்போது எங்கிருந்து வருகிறது பேச்சு என்று கேட்டாள்.

நான் எழுந்துவிட்டேன். இவள் நன்றி சொல்லவேயில்லை, பொத்தான் பழுது என்றுதான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்த அளவில் அவர்கள் மொழியில் சொன்னேன். மேலாளர் சிரித்தார். உடன்பிறந்தவள் வேறெப்படிப் பேசுவாள் என்றார். எழுத்தைப் போட்டவரும் இந்தம்மாவின் கணவர்தான், அவரையே கேளுங்கள் என்றார்.

தலைவி கேட்டாள். என் வீட்டுக்காரர் எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் அவர்கள் மொழியில் பேச்சு மட்டும் தடங்கலின்றி வந்தது. மொழிபெயர்ப்பு சரி, நேரம்தான் கொஞ்சம் தப்பிவிட்டது என்றார். அக்காமேல் உள்ள பாசத்தில் என் மனைவி நிதானமிழந்துவிட்டாள், மன்னியுங்கள் என்றும் சொன்னார். தலைவி தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டாள்.

அக்காவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இடது கையால் என் தோளைத் தொட்டாள். அவள் முகத்தில் விபத்துக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு தெளிவு.

"பாருடி, உன் வீட்டுக்காரரு நமக்காக எவ்வளவு நேரம் பேசறாரு."

"நமக்காக இல்லக்கா," என்றேன்.